பெரியவர்களுக்குப் பூச்சி மாத்திரை: எந்தப் புழுவுக்கு எந்த மருந்து?

கேட்கப்பட்ட கேள்வி இது. வயது 42. சில மாதங்களாக வயிறு உப்புசம், சோர்வு. மெடிக்கல் ஷாப்பில் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை வாங்கிப் போட்டும் பெரிய மாற்றமில்லை. நண்பர் ஒருவர் ‘ஐவர்மெக்டின் சேர்ந்ததை வாங்கு’ என்கிறார். இன்னொருவர் ‘நிட்டசாக்சனைடு போட்டால் எல்லாம் செத்துவிடும்’ என்கிறார். இவற்றில் எது சிறந்தது? குழந்தைகளுக்குக் கொடுப்பது போல பெரியவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டுமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் சிறந்தது என்று ஒரு பூச்சி மாத்திரை கிடையாது. உள்ளே இருப்பது எது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. அல்பெண்டசோல் ஒரு வேளை போட்டால் நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருளைப்புழு ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். கொக்கிப்புழு பெரும்பாலும் போகும். சாட்டைப்புழு மூன்றில் ஒருவருக்குத்தான் போகும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு தப்பிவிடவே வாய்ப்பு அதிகம். அமீபாவை அது தொடக்கூடத் தொடாது. பெரியவர்களுக்கு உண்மையான ஆபத்தைத் தருபவை பெரும்பாலும் இந்தத் தப்பிக்கிற கூட்டத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் பெரியவர்கள் விஷயத்தில் முதலில் பரிசோதனை, அப்புறம் மாத்திரை என்று நான் வலியுறுத்துகிறேன்.

மருந்துகளை ஒப்பிடும் ஆய்வுகளில் இரண்டு அளவுகோல்கள் வரும். ஒன்று குணமடைந்தோர் விகிதம்: மருந்துக்குப் பிறகு மலத்தில் ஒரு முட்டைகூட இல்லாதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர். மற்றொன்று முட்டை குறைந்த விகிதம்: புழு முழுதாகப் போகாவிட்டாலும் முட்டைகளின் எண்ணிக்கை எவ்வளவு இறங்கியது. ஒரு ஊருக்கே மருந்து கொடுக்கும் அரசுக்கு இரண்டாவது கணக்கு போதும். புழுவின் எண்ணிக்கை குறைந்தாலே நோயின் சுமை இறங்கும். தனி ஒருவர் தன் உடம்புக்காகக் கேட்கும்போது முதல் கணக்குதான் முக்கியம்.

2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த பரிசோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. ஒரே வேளை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் உருளைப்புழுவில் சுமார் 96 சதவீதம் பேரைக் குணப்படுத்தியது. ஒரே வேளை 500 மில்லிகிராம் மெபெண்டசோலும் அதே அளவுதான். இந்தப் புழுவைப் பொறுத்தவரை இரண்டில் எதைப் போட்டாலும் ஒன்றுதான். பைரன்டெல் பமோயேட்டும் நன்றாகவே வேலை செய்யும். கொக்கிப்புழுவுக்கு வந்தால் கதை மாறுகிறது. அல்பெண்டசோல் சுமார் 80 சதவீதம், மெபெண்டசோல் வெறும் 32 சதவீதம். சாட்டைப்புழுவில் அல்பெண்டசோல் 31, மெபெண்டசோல் 42. அதாவது அங்கே மெபெண்டசோல் கொஞ்சம் முந்துகிறது, ஆனால் இரண்டுமே பாதிப் பேரைக்கூடக் குணப்படுத்தவில்லை.

இவை இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, புழு குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் செய்து, மெல்ல மெல்லப் பட்டினி போட்டுக் கொல்கின்றன. அதனால் மாத்திரை போட்ட மறுநாளே மலத்தில் புழு விழ வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாட்கள் ஆகும். பல புழுக்கள் உருத்தெரியாமல் சிதைந்துதான் வெளியே வரும். புழு எதுவும் விழவில்லை, மாத்திரை வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்து மறுபடி மறுபடி போடுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லாதது. மாத்திரைக்குப் பின் விளக்கெண்ணெய் குடித்துப் பேதி போக வைக்கும் பழைய வழக்கமும் இந்த மருந்துகளுக்குத் தேவையில்லை.

கொக்கிப்புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் குழந்தைகளிடம் உச்சத்தில் இருப்பவை. கொக்கிப்புழு அப்படியல்ல, வயது ஏற ஏற அதுவும் ஏறும். வெறுங்காலோடு வயலில், தோட்டத்தில், ஈர மண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்து ஏறுகிறது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. நெக்கேட்டர் வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு சுமார் 0.03 மில்லி, ஆன்சைலோஸ்டோமா வகையில் சுமார் 0.2 மில்லி. கேட்கச் சிறிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நெக்கேட்டர் 100 இருந்தால் தினமும் 3 மில்லி இரத்தம், அதில் ஒன்றரை மில்லிகிராம் இரும்புச்சத்து. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடல் உறிஞ்சுவதே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். இழந்ததில் ஒரு பகுதி குடலிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டாலும், மாதவிடாயில் ஏற்கெனவே இரத்தம் இழக்கும் ஒரு பெண்ணுக்கு இது தாங்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முகம் வெளிறுவது, வேலையில் தளர்வது எல்லாம் மெதுவாக வரும். மெதுவாக வருவதாலேயே யாரும் கவனிப்பதில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதன் கதை நீண்டது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916-இல் அங்கே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தோட்டத்தில் உழைத்த தமிழர்களிடையே அந்தப் புழு அவ்வளவு பரவியிருந்தது. 1920-களில் சென்னை மாகாணத்திலும் அதே போன்ற வேலை நடந்தது. அன்றைய மருந்துகள் தைமால், செனோபோடியம் எண்ணெய், பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு. கடைசியாகச் சொன்னது கல்லீரலைக் கெடுக்கும் ஒரு வேதிக் கரைப்பான். புழுவைக் கொல்ல அந்தத் தலைமுறை மனிதர்கள் உட்கொண்டதை நினைத்தால், இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் அல்பெண்டசோல் எவ்வளவு பெரிய வரம் என்று புரியும். அந்த மருந்தைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும் என்பதற்காகத்தான்.

மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை உறுதியானால், பெரியவருக்கு ஒரே வேளை போதுமா? சீனாவின் யுன்னானில் நடந்து 2011-இல் வெளியான ஒரு பரிசோதனை இதற்கு நல்ல விடை தருகிறது. அல்பெண்டசோல் ஒரு வேளை போட்டவர்களில் 69 சதவீதம் பேர் குணமானார்கள். தினம் ஒன்றாக மூன்று நாள் போட்டவர்களில் 92 சதவீதம். மெபெண்டசோலோ ஒரு வேளைக்கு 29, மூன்று நாளைக்கு 54. ஆகவே கொக்கிப்புழு என்றால் அல்பெண்டசோல்தான், அதுவும் முடிந்தால் மூன்று நாள் என்பது என் பரிந்துரை. இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்தே தொடங்க வேண்டும். புழுவை வெளியேற்றினால் இழப்பு நிற்கும், ஆனால் இழந்த இரும்பு தானாகத் திரும்பாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரும்புச் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் போலத் தொடர வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு ‘சோர்வு போகவே இல்லை’ என்று வருகிறவர்கள் நிறைய.

சாட்டைப்புழுவுக்கு இப்போது சிறந்தது கூட்டு மருந்துதான். அல்பெண்டசோலுடன் ஐவர்மெக்டின் சேர்த்தால் பல இடங்களில் பலன் பல மடங்கு கூடுகிறது. தான்சானியாவின் பெம்பா தீவில் அல்பெண்டசோல் மட்டும் போட்டவர்களில் பத்துக்கும் குறைவான சதவீதம் பேர் குணமாக, கூட்டு மருந்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் குணமானார்கள். அதே ஆய்வின் இன்னொரு தளமான ஐவரி கோஸ்டில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அங்கே இருந்தது வேறொரு சாட்டைப்புழு இனம் என்று பிறகு தெரிந்தது. ஒரு ஊரில் நிரூபணமான மருந்து இன்னொரு ஊரில் தடுமாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கூட்டு மருந்து கிடைக்காவிட்டால் மெபெண்டசோலைத் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 100 மில்லிகிராம் என்று மூன்று நாள் கொடுப்பது அல்பெண்டசோல் ஒரு வேளையைவிட நல்லது.

உங்கள் நண்பர் சொன்ன ஐவர்மெக்டின் சேர்ந்த மாத்திரைக்கு வருவோம். அதில் கவனிக்க வேண்டிய ஒன்று அளவு. ஐவர்மெக்டின் எடையைப் பொறுத்துக் கொடுக்கப்படும் மருந்து, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம் வேண்டும். கடையில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் 6 மில்லிகிராம்தான் இருக்கிறது. அட்டையைப் பார்க்காமல் ஒன்றை வாங்கிப் போட்டால் பாதி அளவுதான் உள்ளே போகும். தவிர, கொக்கிப்புழுவில் ஐவர்மெக்டின் தனியாகப் பெரிதாக உதவாது. அங்கே வேலை செய்வது கூட இருக்கும் அல்பெண்டசோல்தான். சும்மா ‘இன்னும் ஸ்ட்ராங்’ என்று நினைத்து வாங்குவதற்கான காரணம் எதுவும் இல்லை. சாட்டைப்புழு அல்லது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று தெரிந்தால், சரியான அளவில், அது அருமையான மருந்து.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். இந்தப் பதிலில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இதுவும் கொக்கிப்புழு போலவே மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறுகிறது. ஆனால் மற்ற குடற்புழுக்களுக்கு ஆயுள் உண்டு. கொக்கிப்புழு சில ஆண்டுகள், உருளைப்புழு ஒன்றிரண்டு ஆண்டு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸோ ஒருவர் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அதே ஆளை மறுபடி மறுபடித் தொற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில்பாதையில் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்களிடம், ஊர் திரும்பி முப்பது நாற்பது ஆண்டு கழித்தும் இந்தப் புழு இருந்தது கண்டறியப்பட்டது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் அதே பாதையில், அதே மண்ணில் உழைத்தவர்கள். அவர்களில் உயிரோடு திரும்பியவர்களை அப்படித் தேடிப் பரிசோதித்தவர்கள் பற்றி எங்கும் நான் படித்ததில்லை. அது என்னை உறுத்துகிறது.

இந்தப் புழு உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. லேசான வயிற்று எரிச்சல், அவ்வப்போது தோலில் அரிப்பு, இரத்தப் பரிசோதனையில் இயோசினோஃபில் என்ற வெள்ளையணு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆபத்து ஸ்டீராய்டு கொடுக்கும்போது வருகிறது. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய், சிறுநீரக மாற்று சிகிச்சை, கொரோனா காலத்தில் பரவலாகக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன், எதுவாக இருந்தாலும் சரி. எதிர்ப்பு சக்தி இறங்கியதும் புழு கட்டுக்கடங்காமல் பெருகி, குடலைத் துளைத்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகிறது. போகும்போது குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு போவதால் இரத்தத்தில் கிருமி பரவி உயிர் போகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து இத்தகைய நோயாளிகள் பற்றிப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. இது ஏதோ ஆப்பிரிக்காவில் மட்டும் இருக்கும் புழு இல்லை.

சாதாரண மலப் பரிசோதனையில் இதை எளிதில் தவறவிட்டுவிடுவோம், ஏனென்றால் வெளியே வருவது முட்டை அல்ல, மிகக் குறைந்த எண்ணிக்கையில் லார்வா என்ற இளம்புழு. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை இருக்கிறது, பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும். மருந்து என்று வந்தால் இங்கே போட்டியே இல்லை. ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஐவர்மெக்டின் சுமார் 84 சதவீதம் பேரைக் குணப்படுத்தியது, அல்பெண்டசோல் சுமார் 48 சதவீதம். அந்த அல்பெண்டசோலும் ஒரு வேளை அல்ல, பல நாள் போட்டது. ஐவர்மெக்டின் ஒரு வேளை போதுமா, நான்கு வேளை வேண்டுமா என்று ஐரோப்பாவில் நடந்து 2019-இல் வெளியான பரிசோதனையில் இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்று: 86, 85. எதிர்ப்பு சக்தி நன்றாக இருப்பவருக்கு ஒரு வேளை போதும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கும், புழு ஏற்கெனவே பரவிவிட்டவருக்கும் மருத்துவமனையில் வைத்து, மலத்திலும் சளியிலும் லார்வா நின்ற பிறகும் இரண்டு வாரம் வரை கொடுக்க வேண்டும்.

ஆகவே நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கப்போகிற எவரும், விவசாயம் செய்தவரோ கிராமத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவரோ என்றால், மருத்துவரிடம் ‘எனக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் பார்க்க வேண்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பரிசோதனைக்கு நேரம் இல்லாத அவசரத்தில் ஒரு வேளை ஐவர்மெக்டினை முன்கூட்டியே கொடுத்துவிடும் மருத்துவர்களும் உண்டு. அது சரியான முடிவு. மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்ற புழு உள்ள பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் ஐவர்மெக்டின் கொடுப்பதில் தனி எச்சரிக்கை தேவை, இரத்தத்தில் அந்தப் புழு நிறைய இருந்தால் மூளை பாதிப்பு வரலாம். காங்கோ, கேமரூன் பக்கம் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நாடாப்புழுவில் ஒப்பிட வேண்டியது பலனை மட்டுமல்ல, மருந்து எங்கே போகிறது என்பதையும். பிராசிகுவான்டெல் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் ஒரு வேளை, நிக்ளோசமைடு 2 கிராம் ஒரு வேளை. இரண்டுமே நன்றாக வேலை செய்யும். பிராசிகுவான்டெல் உறிஞ்சப்பட்டு மூளை வரை போகும். நிக்ளோசமைடு குடலைத் தாண்டுவதில்லை. பன்றி நாடாப்புழு உள்ளவருக்கு அதன் லார்வாக்கள் மூளையில் கட்டியாக இருக்கக்கூடும். இந்தியாவில் பெரியவர்களுக்குப் புதிதாக வலிப்பு வருவதற்கு முக்கியமான காரணங்களில் இந்த மூளைக் கட்டியும் ஒன்று. அவருக்கு பிராசிகுவான்டெலோ அல்பெண்டசோலோ கொடுத்தால், மூளையில் உள்ள லார்வா செத்து, வீக்கம் ஏறி, வலிப்பு வரலாம். ஆகவே தலைவலி, வலிப்பு என்று ஏதாவது இருந்தவர் மெடிக்கல் ஷாப்பில் பூச்சி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு பாதுகாப்போடு அல்பெண்டசோல். மூளைக் கட்டி வருவது பன்றிக்கறி சாப்பிட்டதால் அல்ல, நாடாப்புழு உள்ள இன்னொருவரின் மலத்திலிருந்து முட்டை கை வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ வாய்க்குப் போவதால். சுத்த சைவர்களுக்கும் வரும்.

கீரிப்பூச்சியை வேகமாகக் கடந்துவிடலாம். இரவில் ஆசனவாயில் அரிப்பு. மலப் பரிசோதனையில் கிடைக்காது. காலையில் எழுந்ததும் ஆசனவாயில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். அல்பெண்டசோல், மெபெண்டசோல், பைரன்டெல் எல்லாமே நன்றாகக் கேட்கும். முட்டையை அவை அவ்வளவாகக் கொல்லாது என்பதால் இரண்டு வாரத்தில் இன்னொரு வேளை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். நகத்தை வெட்டி, படுக்கை விரிப்பைத் துவைக்காமல் எந்த மருந்து போட்டும் பயனில்லை.

இனி புழு அல்லாதவை. உங்களுக்கு இருக்கும் உப்புசத்தைப் பார்த்தால் நான் முதலில் நினைப்பது ஜியார்டியாவைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிர். ஏப்பம், வயிறு ஊதல், நாற்றமான தளர்ந்த மலம், எடை குறைதல். அல்பெண்டசோல் ஒரு வேளை இதற்குப் போதாது, தினம் ஒன்றாக ஐந்து நாள் போட்டால் ஓரளவு கேட்கும். இங்கே வழக்கமாகக் கொடுப்பது மெட்ரோனிடசோல், ஐந்து முதல் ஏழு நாள், தினம் மூன்று வேளை. வாயில் உலோகக் கசப்பு, குமட்டல் என்று பாதியிலேயே நிறுத்துகிறவர்கள் அதிகம். டினிடசோல் 2 கிராம் ஒரே வேளை. ஒப்பிட்ட ஆய்வுகளில் மெட்ரோனிடசோலைவிட, அல்பெண்டசோலைவிட இதுவே மேல். ஒரே வேளை என்பதால் முழுதாக முடித்துவிடவும் முடியும். என் தேர்வு இதுதான்.

ஆனால் மருந்துக்கு அடங்காத ஜியார்டியா பெருகிவருவதையும் சொல்ல வேண்டும். லண்டனில் வெப்பமண்டல நோய்களுக்கான ஒரு மருத்துவமனையில் 2008-இல் 15 சதவீதமாக இருந்த சிகிச்சைத் தோல்வி 2013-இல் 40 சதவீதமாக ஏறியது. அதில் இந்தியா போய் வந்தவர்களிடம் தோல்வி மிக அதிகம். நாம் வயிற்றுப்போக்கு என்றதும் கடையில் வாங்கிப் போடும், ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரைகளுக்கு இதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மாத்திரை போட்டு வயிறு சரியானதும் நிறுத்துவது, மருந்துக்குத் தாங்கும் கிருமியை வளர்ப்பதற்குச் சமம். முதல் சிகிச்சை தோற்றால் நிட்டசாக்சனைடு, அல்லது அல்பெண்டசோலும் மெட்ரோனிடசோலும் சேர்த்து என்று வேறு வழிகள் உள்ளன. இன்னொன்று: ஜியார்டியா போன பிறகும் சில வாரங்கள் பால் ஒத்துக்கொள்ளாது. அந்த உப்புசத்தைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. பாலை நிறுத்திப் பாருங்கள்.

அமீபாவில்தான் நம் ஊரில் மிக அதிகமான தவறுகள் நடக்கின்றன, இரண்டு பக்கமும். ஒரு பக்கம் தேவையில்லாத சிகிச்சை. நுண்ணோக்கியில் பார்த்தால் நோய் தரும் ஹிஸ்டாலிட்டிகாவும், எந்தத் தீங்கும் செய்யாத டிஸ்பார் என்ற அமீபாவும் ஒரே மாதிரி இருக்கும். டிஸ்பார்தான் உலகில் அதிகம். அறிகுறி இல்லாதவரின் மலத்தில் ‘அமீபா சிஸ்ட்’ (உறைக்குள் அடங்கிய அமீபா) என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால் இனத்தை உறுதி செய்யாமல் மருந்து தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1997-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் ‘எனக்குப் பத்து வருஷமாக அமீபியாசிஸ்’ என்று சொல்லிக்கொண்டு மாதாமாதம் மெட்ரோனிடசோல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது குடல் எரிச்சல் நோய்.

மறுபக்கம், உண்மையான சீதபேதி வந்தவருக்குப் பாதி சிகிச்சை. மெட்ரோனிடசோலோ டினிடசோலோ குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள அமீபாவைக் கொல்லும். டினிடசோலில் தோல்வியும் பக்கவிளைவும் குறைவு. ஆனால் இரண்டுமே மேல் குடலில் முழுதாக உறிஞ்சப்பட்டுவிடுவதால் பெருங்குடலின் உள்ளே இருக்கும் சிஸ்ட்டுகள் தப்பிவிடுகின்றன. நூற்றுக்கு 40 முதல் 60 பேருக்குக் கிருமி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதற்காகத்தான் பின்னாலேயே டைலோக்சனைடு ஃபியூரோயேட் 500 மில்லிகிராம் தினம் மூன்று வேளை பத்து நாள், அல்லது பரோமோமைசின் ஏழு நாள் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி மருந்துச் சீட்டில் விடுபட்டுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். விடுபட்டால் சில மாதம் கழித்து மறுபடி சீதபேதி, அல்லது கல்லீரலில் சீழ்க்கட்டி. அந்தக் கட்டி பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கு, அதிலும் மது அருந்துபவர்களுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் கள் குடிப்பவர்களிடம் இது அதிகம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நிட்டசாக்சனைடு எல்லாவற்றையும் கொல்லுமா? இல்லை. வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒரு செல் உயிருக்கு அதுதான் முதல் மருந்து, 500 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை மூன்று நாள். ஜியார்டியாவில் நல்ல மாற்று. புழுக்களில் அதன் பலம் குறைவு. சாட்டைப்புழுவில் அதனால் பலன் இல்லை என்று பெம்பாவில் நடந்த இன்னொரு ஒப்பீட்டிலேயே தெரிந்துவிட்டது. போட்டால் சிறுநீர் பச்சை கலந்த மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வீட்டு வைத்தியத்தையும் கேட்பீர்கள். வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை, குப்பைமேனி. இவற்றில் சிலவற்றுக்குச் சின்ன ஆய்வுகள் உண்டு, ஆனால் எவ்வளவு சாப்பிட்டால் எந்தப் புழு எத்தனை பேருக்குப் போகும் என்று மேலே சொன்ன மருந்துகளுக்குப் போல ஒரு கணக்கு கிடையாது. இரத்தசோகையோடு இருப்பவர் இவற்றை நம்பி மாதங்களைக் கழிப்பது எனக்குச் சம்மதமில்லை.

பக்கவிளைவுகளில் சுருக்கமாகச் சில. அல்பெண்டசோலைக் குடற்புழுவுக்குச் சாப்பாட்டோடும் போடலாம், இல்லாமலும் போடலாம். திசுவுக்குள் இருக்கும் புழுவுக்கு என்றால் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் இரத்தத்தில் ஐந்து மடங்கு வரை ஏறும். வாரக்கணக்கில் போடுகிறவர்களுக்குக் கல்லீரல், வெள்ளையணு பரிசோதனை வேண்டும். ஓரிரு நாளைக்குத் தேவையில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அல்பெண்டசோல், மெபெண்டசோல் வேண்டாம். ஐவர்மெக்டின் கர்ப்ப காலம் முழுதும் தவிர்ப்பது நல்லது. மெட்ரோனிடசோல், டினிடசோல் போடும் நாட்களிலும் முடிந்து மூன்று நாள் வரையும் மது கூடாது. வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு மெட்ரோனிடசோல் இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும். பைரன்டெலையும் பழைய பிபரசினையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று புழுவின் தசையை இறுக்கும், மற்றது தளர்த்தும், ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும்.

பெரியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டுமா? தேசிய குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று ஆண்டுக்கு இருமுறை, 1 முதல் 19 வயது வரை. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர, கொடுக்கிறார்கள். அது நல்ல முடிவு, கொக்கிப்புழுவின் பாரம் அந்தப் பெண்கள் மேல்தான் விழுகிறது. வேலூர் பக்கமும் ஜவ்வாது மலையிலும் ஊரில் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறை மூன்று ஆண்டுகள் அல்பெண்டசோல் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றும் நடந்தது, அங்கே அதிகம் இருந்ததும் கொக்கிப்புழுதான். வயலில், செங்கல் சூளையில், தோட்டத்தில் மண்ணோடு புழங்குகிறவர், திறந்தவெளியில் மலம் கழிக்கும் ஊரில் இருப்பவர் என்றால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வேளை போடுவதில் நியாயம் உண்டு. மருந்து போட்ட 12 மாதத்தில் உருளைப்புழு பழைய அளவில் 94 சதவீதத்துக்கும், சாட்டைப்புழு 82-க்கும், கொக்கிப்புழு 57-க்கும் திரும்பிவிடுகிறது என்று ஒரு தொகுப்பாய்வு காட்டியது. கழிப்பறையும் செருப்பும் இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் போதாது என்பதுதான் இதன் பொருள். நகரத்தில் அடுக்குமாடியில், செருப்போடு, கழிப்பறையோடு வாழும் பெரியவர் காலண்டர் பார்த்துப் பூச்சி மாத்திரை போட வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இது. ஹீமோகுளோபின், வெள்ளையணு வகைக் கணக்கு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். இயோசினோஃபில் கூடியிருந்தால் கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் பக்கம் தேட வேண்டும். ஜியார்டியாவும் அமீபாவும் அதைக் கூட்டுவதில்லை. வெவ்வேறு நாளில் மூன்று முறை மலம் கொடுங்கள், ஒரு முறை பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. சீதபேதி இருக்கும்போது என்றால் அரை மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் அமீபா அசைவை நிறுத்திவிடும், கண்டுபிடிப்பது கடினம். கிடைத்ததற்கு ஏற்ற மருந்தை முழு அளவில் போட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி மலத்தைப் பாருங்கள். எதுவும் கிடைக்காமல், ஆனால் இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்தால், இன்னொரு பூச்சி மாத்திரை வாங்க வேண்டாம். 42 வயதில் காரணம் தெரியாத இரும்புக் குறைவு என்றால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.